களஞ்சியம் மாறியபோது கைநூல்

பிரீபிஎஸ்டி என்னும் பணிசெயல் முறைமையின் கைநூலிலே பல ஆண்டுகளாக ஓர் எச்சரிக்கை இடம்பெற்றிருந்தது. அம்முறைமையின் மூலநிரல்களை இணையத்தின் வழியே பெற விரும்புவோர், சி.வி.எஸ்.அப் என்னும் கருவிக்கு, எந்தக் கிளையின் நிரல்கள் தமக்கு வேண்டும் என்பதை ஓர் அடையாளப் பெயரால் அறிவித்தல் வேண்டும். அப்பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்துவிட்டால், "அப்படி ஒரு கிளை இல்லை" என்று கருவி மறுத்துரைக்காது. பெயர் சரியானதே, ஆனால் அப்பெயருக்குரிய கோப்பு ஒன்றுமே இல்லை என்று அது பொருள்கொள்ளும். அவ்வாறு பொருள்கொண்டு, பயனாளர் தம் கணினியில் ஏற்கெனவே வைத்திருந்த மூலநிரல்கள் அனைத்தையும் அழித்துவிடும். ஆகவே பெயரை மிகுந்த கவனத்துடன் எழுதுக என்று கைநூல் அறிவுறுத்தியது.

ஒரு கருவி எத்துணை வல்லதாயினும், அதன் இயல்பை உள்ளவாறு எடுத்துரைக்கும் நூல் அருகில் இல்லையேல், அது பயனாளரின் உழைப்பை ஒரு நொடியில் விழுங்கிவிடக்கூடும். அக்கருவியே மாறிவிட்டால் நூலின் கதி யாது? பிரீபிஎஸ்டியின் மூலநிரல்களைக் காக்கும் முறை இருமுறை மாறியது. ஒவ்வொரு முறையும் கைநூலும், கையேட்டுப் பக்கங்களும், பிறமொழிப் பெயர்ப்புகளும் திருத்தியெழுதப்பட வேண்டியிருந்தன. அத்திருத்தப் பணியைப் பற்றியதே இப்பேச்சு.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் மரபிலே தோன்றியது பிரீபிஎஸ்டி. அதன் முதற் பதிப்பு 1993ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்தது. உலகின் பல நாடுகளிலிருந்து பலர் ஒரே நிரற்றொகுதியைத் திருத்துவர். ஒருவர் திருத்தியதை மற்றொருவர் அறியாது அழித்துவிடாமலும், பிழை புகுந்தவிடத்துப் பழைய வடிவத்துக்குத் திரும்பிச் செல்லவும், யார் எப்போது எதனை மாற்றினார் என்று காட்டவும் ஒரு பதிவேடு வேண்டும். இப்பதிவேட்டை நடத்தும் மென்பொருளையே பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை என்பர். ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தில் எந்தப் பிரதி எதிலிருந்து பிறந்தது, எந்தப் பாடம் முந்தியது என்று அறியாது பதிப்பாசிரியர் பட்ட பாட்டை நினைவுகூர்வோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

பிரீபிஎஸ்டி முதலிற் கைக்கொண்டது சி.வி.எஸ். என்னும் முறைமை. நெதர்லாந்தைச் சேர்ந்த டிக் குரூன் 1986இல் சில சிறு கட்டளைக் கோவைகளாக எழுதியதை, 1989இல் பிரையன் பேர்லினர் முழுமையான மென்பொருளாக்கினார். அது ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே எண்ணிட்டது. ஒரு கோப்பு 1.23 என்னும் நிலையில் இருக்கும், அடுத்திருப்பது 1.7 என்னும் நிலையில் இருக்கும். முப்பது கோப்புகளைத் தொட்ட ஒரே திருத்தம் முப்பது தனிச் செய்திகளாகச் சிதறிக் கிடக்கும். கோப்பின் பெயரை மாற்றினால் அதன் வரலாறு அறுந்துபோகும். இக்குறைகளைக் களைய எழுந்ததே சப்வேர்ஷன். அதன் பணி 2000ஆம் ஆண்டிலே தொடங்கியது, 1.0 என்னும் பதிப்பு 2004இல் வந்தது. சப்வேர்ஷன் களஞ்சியம் முழுமைக்கும் ஒரே தொடர் எண்ணை இட்டது. ஒரு திருத்தம் எத்தனை கோப்புகளைத் தொட்டாலும் அதற்கு ஓர் எண்ணே.

பிரீபிஎஸ்டியின் அடிப்படை மூலநிரல்கள் 2008இல் சப்வேர்ஷனுக்கு மாறின. இங்கே நிகழ்ந்த ஒன்று, நூலெழுதுவோர் கண்கொண்டு நோக்கினால் சுவையானது. உள்ளே பணிசெய்வோர் புதிய களஞ்சியத்திலே எழுதினர். ஆனால் அவர்கள் எழுதிய ஒவ்வொன்றும் பழைய சி.வி.எஸ். களஞ்சியத்துக்கும் தானாகவே படியெடுக்கப்பட்டது. வெளியே உள்ள பயனாளர் வழக்கம்போலச் சி.வி.எஸ்.அப் கருவியால் நிரல்களைப் பெற்றுக்கொண்டேயிருந்தனர். வீட்டின் அடுக்களை மாறிவிட்டது. உண்போர்க்கு இலை போடும் திண்ணை மாறவில்லை. எனவே கைநூலிலும் பெருமாற்றம் தேவைப்படவில்லை. பயனாளர்க்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் திருத்தவேண்டிய பக்கங்களைத் திருத்தாமல் நாட்கடத்துதற்கும் இவ்வேற்பாடு இடமளித்தது. ஆவணங்களும், பிறர் ஆக்கிய மென்பொருள்களை நிறுவுதற்குரிய போர்ட்ஸ் தொகுதியும் 2012ஆம் ஆண்டிலேதான் சப்வேர்ஷனுக்கு வந்து சேர்ந்தன.

அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் ஒரு கேடு கண்டறியப்பட்டது. பொதிகளை ஆக்குதற்குப் பயன்பட்ட இரண்டு கணினிகளில் அந்நியர் புகுந்திருந்தனர். முறைமையிலிருந்த ஓட்டை எதுவும் அதற்குக் காரணமன்று. உரிமை பெற்ற ஓர் ஆக்குநரின் திறவுகோல் வெளியே கசிந்து, அதனைக் கொண்டே அவர்கள் நுழைந்திருந்தனர். அடிப்படை நிரல்களின் களஞ்சியம் பழுதுறவில்லை என்று ஆராய்ந்து அறிவிக்கப்பட்டது. எனினும், செப்டம்பர் 19 முதல் நவம்பர் 11 வரை வழங்கப்பட்ட பொதிகளின் தூய்மைக்கு உறுதி கூற இயலவில்லை. அந்நிகழ்ச்சியின் பின்னரே, சி.வி.எஸ்.அப் வழி வழங்கலை விரைந்து கைவிட்டு, சப்வேர்ஷன் முதலிய உறுதியான வழிகளுக்கு மாறுதல் வேண்டும் என்ற முடிவு அறிவிக்கப்பட்டது. போர்ட்ஸ் தொகுதியைச் சி.வி.எஸ். வடிவில் படியெடுத்தல் 2013ஆம் ஆண்டு பெப்ரவரி 28உடன் நின்றது.

இப்போது கைநூலைத் திருத்துவது பாதுகாப்பைப் பற்றிய காரியமாயிற்று. கைநூலை நம்பிய ஒருவர் பழைய வழியிலேயே நிரல்களைக் கேட்டுக்கொண்டிருப்பாராயின், சேவையகம் ஒன்றும் புதிதாகத் தராது. பாதுகாப்புத் திருத்தங்கள் அவரை வந்தடையா. தம் கணினி இற்றைப்படுத்தப்பட்டுள்ளது என்றே அவர் எண்ணிக்கொண்டிருப்பார். 

கிளைப் பெயர்களும் மாறின. சி.வி.எஸ். காலத்தில் 'ரெலெங் 8' என்பது எட்டாம் வரிசையின் வளரும் நிலைக்கிளை. அதன்பின் ஓர் அடிக்கோடும் சுழியமும் சேர்ந்து 'ரெலெங் 8_0' என்றானால், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஏற்கும் வெளியீட்டுக்கிளை. சப்வேர்ஷனில் முன்னது 'ஸ்டேபிள் 8' ஆயிற்று. பின்னது 'ரெலெங் 8.0' ஆயிற்று. 'ரெலெங்' என்னும் சொல் அழியவில்லை. அதன் பொருள் சுருங்கியது. முற்றாக மறைந்துவிடும் சொல்லால் யாரும் ஏமாறுவதில்லை. வடிவம் மாறாது பொருள் மட்டும் மாறும் சொல்லே படிப்போரைக் குழியில் வீழ்த்துவது.

இரண்டாம் மாற்றத்தில் இத்தகைய சொற்கள் இன்னும் பெருகின. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய கிற் என்னும் முறைமை இதற்குள் உலகெங்கும் பரவிவிட்டது. புதிதாகப் பணிக்கு வரும் இளைஞர் பலர் சப்வேர்ஷனை அறியாதிருந்தனர். பிரீபிஎஸ்டியும் கிற்றுக்கு மாறத் துணிந்தது. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத் தொடக்கத்தில் முதலில் மாற்றப்பட்டது ஆவணக் களஞ்சியமே. அம்மாத இறுதிக்குள் அடிப்படை நிரல்கள் மாறின. போர்ட்ஸ் தொகுதி 2021 ஏப்ரல் மாதத்திலே மாறியது. இடைப்பட்ட மூன்று மாதங்களுக்கு மேலான காலத்தில், அடிப்படை நிரல்களைப் பெறக் கிற்றும், போர்ட்ஸ் தொகுதியைப் பெறச் சப்வேர்ஷனும் வேண்டும் என்பதே உண்மை. ஒரே நூலின் ஓர் அதிகாரம் ஒரு கட்டளையையும், மற்றோர் அதிகாரம் வேறொரு கட்டளையையும் கூறவேண்டிய நிலை அது. போதாக்குறைக்கு, 2021 ஜனவரியில் ஆவணங்கள் எழுதப்பட்ட குறிமொழியும் மாறியது. அதுவரை டொக்புக் என்னும் வடிவில் இருந்த நூல்கள் அஸ்கிடொக் என்னும் எளிய வடிவுக்குக் கொண்டுவரப்பட்டன. கோப்புகளின் பெயர்களும் அவை இருந்த அடைவுகளும் மாறின. முன்னரே ஒரு திருத்தத்தை எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தவர், அதனைப் புகுத்தும் இடத்தையே தேடவேண்டியவரானார். ஒரே பருவத்தில் இரு பெருமாற்றங்களைச் செய்தது துணிவு என்று சிலர் சொல்லலாம். இருமுறை துன்புறுவதிலும் ஒருமுறை துன்புறுவது மேல் என்பதும் நியாயமே.

சொற்களைப் பற்றிக் கூறப்பட்டது. சப்வேர்ஷனில் 'செக்அவுட்' என்பது சேவையகத்திலிருந்து ஒரு பிரதியைப் பெற்றுவரும் கட்டளை. கிற்றிலும் 'செக்அவுட்' உண்டு. ஆனால் அது, தம்மிடம் ஏற்கெனவே உள்ள களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதைக் குறிக்கும். பிரதியைப் பெற்றுவருதற்குக் 'குளோன்' என்பதே சொல். 'ரிவேர்ட்' என்பதோ இன்னும் இடர் மிக்கது. சப்வேர்ஷனில் அது, பயனாளர் தாம் செய்து இன்னும் பதியாத மாற்றங்களைக் கைவிடுவது. கிற்றில் அது, முன்பு பதிந்த ஒரு திருத்தத்தை எதிர்த்திசையில் மாற்றும் புதிய பதிவொன்றை உண்டாக்குவது. சப்வேர்ஷனில் 'கொமிற்' என்ற ஒரே கட்டளையால் திருத்தம் நடுக் களஞ்சியத்தைச் சென்றடையும். கிற்றில் 'கொமிற்' செய்தபின்னும் அது பயனாளரின் கணினியிலேயே இருக்கும். 'புஷ்' என்னும் இன்னொரு கட்டளையே அதனை வெளியே அனுப்பும். ஆகையால், பழைய சொல்லைத் தேடிப் புதிய சொல்லை அவ்விடத்தில் வைக்கும் இயந்திர வேலையால் இந்நூலைத் திருத்த இயலாது. ஒவ்வொரு பத்தியையும் மனிதர் படித்து, அங்கே சொல்லப்படும் செயல் எது என்று உணர்ந்து எழுதுதல் வேண்டும். ஆக்குநர்க்குரிய வழிகாட்டியிற் சப்வேர்ஷனைக் கற்பித்த பகுதி இருந்த இடத்தில், கிற்றைக் கற்பிக்கும் பகுதி புதிதாகவே எழுதப்பட்டது.

எண்களின் சிக்கல் சொற்களின் சிக்கலிலும் பெரிது. பாதுகாப்பு அறிவித்தல் ஒன்று வெளிவரும்போது, எந்தக் கிளையில் எந்தத் திருத்தத்தோடு பிழை நீங்கியது என்று அதிலே காட்டப்படும். சப்வேர்ஷன் காலத்தில் பயனாளர் செய்யவேண்டியது எளிது. தம் முறைமை எவ்வெண்ணிலிருந்து ஆக்கப்பட்டது என்பதை 'யூநேம்' என்னும் கட்டளையால் அறிந்து, அறிவித்தலிலுள்ள எண்ணோடு ஒப்பிடுவர். அதே கிளையிலே தம் எண் அதற்குச் சமமாகவோ கூடியதாகவோ இருந்தால் அச்சமில்லை. கிற் முறைமையிலோ திருத்தங்களுக்குத் தொடர் எண் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்தெடுத்த, நாற்பது இலக்கங்களும் எழுத்துக்களும் கலந்த ஒரு நீண்ட அடையாளமே உண்டு. அவ்வடையாளங்கள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால், எது முந்தியது எது பிந்தியது என்று எவராலும் கூற இயலாது.

இதற்கு ஒரு தீர்வு காணப்பட்டது. ஒரு கிளையின் தொடக்கத்திலிருந்து முதன்மை வழியிலே எத்தனை திருத்தங்கள் வந்துள்ளன என்று எண்ணி, அத்தொகையையும் அடையாளத்தோடு சேர்த்து எழுதும் வழக்கம் ஏற்பட்டது. 'யூநேம்' தரும் விடையிலும், பாதுகாப்பு அறிவித்தல்களிலும் இத்தொகை இடம்பெறத் தொடங்கியது. ஆனால் இங்கும் ஒரு பொறி உண்டு. 2020 ஒக்டோபரில் வெளிவந்த 12.2 பதிப்புச் சப்வேர்ஷன் எண் 366954ஐத் தாங்கியது. 2021 ஏப்ரலில் வெளிவந்த 13.0 பதிப்போ 244733 என்னும் தொகையைத் தாங்கியது. பின்னே வந்த பதிப்பின் எண் முன்னே வந்ததனினும் சிறிது! முன்னது களஞ்சியத்தின் எல்லாக் கிளைகளிலும் நிகழ்ந்தவற்றை ஒருசேர எண்ணியது. பின்னது ஒரே கிளையின் வழியை மட்டும் எண்ணியது. விளக்கம் அறியாதவர் இவ்விரண்டையும் ஒப்பிட்டால் புதியதைப் பழையது என்று கொள்வது திண்ணம். ஒரு நூலின் கடமை கட்டளைகளை அடுக்கித் தருவதோடு முடிந்துவிடாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை. கடந்த காலத்து அறிக்கைகளிலும் கடிதங்களிலும் பொதிந்து கிடக்கும் பழைய எண்கள் பொருளற்றுப் போகாமல் இருக்க, கிற் களஞ்சியத்தின் குறிப்புகளாக அப்பழைய எண்கள் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றை வரவழைத்துப் படிக்கும் முறையும் ஆவணத்தில் எழுதப்பட்டது.

இவ்வெண்ணையே நம்பி வாழ்ந்தவர் இன்னொரு சாரார்: மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலக் கைநூலின் ஓர் அதிகாரத்தைத் தம் மொழிக்குப் பெயர்த்தவர், ஆங்கில மூலத்தின் எந்த எண்ணுடைய வடிவத்திலிருந்து பெயர்க்கப்பட்டது என்பதைத் தம் கோப்பின் தலைப்பிலே எழுதி வைப்பர். மறுமுறை வரும்போது மூலத்தின் எண் ஏறியிருந்தால், இடையே மாறிய வரிகளை மட்டும் பார்த்துத் தம் பெயர்ப்பைத் திருத்துவர். கோப்பின் தலைப்பில் எண் தானாக ஏறுதற்கு உதவியது, களஞ்சிய முறைமை நிரப்பிக் கொடுத்த ஓர் அடையாள வரி. சி.வி.எஸ். காலத்தில் 1.23 போன்று சிறிதாக இருந்த எண், சப்வேர்ஷனில் ஐந்திலக்க எண்ணாயிற்று. ஆயினும் வழக்கம் தொடர்ந்தது. கிற்றோ அவ்வரியை அவ்வாறு நிரப்பித் தருவதில்லை. வேலையை எங்கே விட்டோம் என்று காட்டிய அடையாள ஓலை அதனோடு நழுவிற்று. பின்னர் மொழிபெயர்ப்பு வேலை, மூலத்தையும் பெயர்ப்பையும் வாக்கியம் வாக்கியமாக இணைத்து வைக்கும் முறைக்கு மாறிச் சென்றது. அம்முறையில் மாறிய வாக்கியம் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும், எண் வேண்டுவதில்லை. அடிப்படை நிரல்களில் ஆயிரக்கணக்கான கோப்புகளின் தலைப்பில் பயனற்றுக் கிடந்த அந்த அடையாள வரிகள் 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒருங்கே நீக்கப்பட்டன.

வேறொரு சிக்கல் உரிமம் பற்றியது. சப்வேர்ஷனின் உரிமம் பிரீபிஎஸ்டியின் கொள்கைக்கு இசைந்தமையால், 10.0 பதிப்பு முதல் அதன் சிறு வடிவம் அடிப்படை முறைமையோடேயே வழங்கப்பட்டது. பிற்காலத்தில் அது நீக்கப்பட்டது. கிற் வேறு உரிமத்தின் கீழ் உள்ளது. அதனை அடிப்படை முறைமையிற் சேர்க்கவில்லை. ஆகவே புதிய கைநூல், நிரல்களைப் பெறும் முறையைக் கூறுமுன், கிற் என்னும் பொதியை முதலில் நிறுவுக என்று கூறவேண்டியதாயிற்று. ஒரு வரிதான், ஆனால் அது இல்லாவிடில் அடுத்த வரி பயன்படாது. கிற் பிரதியொன்று கடந்த கால வரலாற்றையெல்லாம் உடன்கொண்டு வரும். இணைப்பு மெலிந்தவர்க்கும் வன்தட்டிற் சிறிது இடமே உள்ளவர்க்கும் இது பெருஞ்சுமை. அவர்க்காக, வரலாற்றை விடுத்து இறுதி நிலையை மட்டும் பெறும் வழியும் சொல்லப்பட்டது. அவ்வாறு பெற்ற குறைப்பிரதியில் மேலே சொல்லப்பட்ட தொகையை எண்ண இயலாது என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

கைநூல் ஒன்று, அதனைப் படிப்போரோ பல பதிப்புகளை வைத்திருப்போர். 11, 12 ஆகிய கிளைகளை வைத்திருந்தோர்க்காக, கிற்றிலே செய்த திருத்தங்கள் சப்வேர்ஷனுக்குப் படியெடுக்கப்பட்டன. 2008இல் செய்த அதே உபாயம் மீண்டும் கைகொடுத்தது. அதனால் அவர்க்குப் பழைய கட்டளையும் பொய்யாகவில்லை. போர்ட்ஸ் தொகுதியை எளிதிற் பெறப் பலர் பயன்படுத்திய போர்ட்ஸ்னாப் என்னும் கருவி 2023 நவம்பரில் வந்த 14.0 பதிப்பிலே நீக்கப்பட்டது. அதனைப் பற்றிய பகுதிகளும் அதனோடு போகவேண்டியிருந்தன. இத்தனை அலைக்கழிப்பின் நடுவே ஏறத்தாழ அசையாதிருந்த ஆவணம் ஒன்று உண்டு. மூலநிரல்களோடு வரும் 'அப்டேற்றிங்' என்னும் அக்கோப்பு, கவனிக்கவேண்டிய மாற்றங்களைத் தொடர் எண்ணால் அன்றி ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையால் குறித்துவந்தது. களஞ்சியம் எதுவாயினும் நாட்காட்டி ஒன்றே அல்லவா? அதனை அவ்வாறு எழுதத் தொடங்கியவர், பின்வந்தோர் பலருடைய உழைப்பை மிச்சப்படுத்தினார்.

இறுதியாக, பழைய களஞ்சிய முறையால் நிரப்பிய அடைவைத் தம் கணினியில் வைத்திருப்போர் செய்யவேண்டியது யாது என்பதும் சொல்லப்படவேண்டும். சப்வேர்ஷனாற் பெற்ற அடைவின்மேல் கிற் எழுத இயலாது. அதனுள்ளே தாமே திருத்திய கோப்புகள் இருப்பின் முதலில் அவற்றை வேறிடத்திற் காத்துக்கொண்டு, அடைவை அகற்றியோ பெயர் மாற்றியோ, வெற்றிடத்திலே புதிய பிரதியைப் பெறுதல் வேண்டும். இதனை ஒருவர் மறந்து, நிரல்கள் நிறைந்த அடைவின்மேலேயே 'குளோன்' கட்டளையை இட்டால், அடைவு வெறுமையாக இல்லை என்று கூறிக் கிற் நின்றுவிடும். ஒரு கோப்பையும் தொடாது. சி.வி.எஸ்.அப் கருவியைப் பற்றிய அந்தப் பழைய எச்சரிக்கை கைநூலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.